மண்டை ஓட்டை அளந்துட்டா அறிவியலா?

போன வாரம் டீ குடிக்கிற இடத்துல டீம் நண்பர் ஆரம்பிச்சார். "இனம்ங்கிறது உண்மை பாஸ். ஜெர்மனியில புரொபசருங்களே அளந்து வச்சிருக்காங்க. டேட்டா பொய் சொல்லாது." எனக்கு டீ ஆறிடுச்சு.

அந்த அளந்த கதையைத்தான் பாப்போமே மக்களே. பெர்லின் டாலெம் பகுதியில 1927-ல திறந்தது கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனம். தலைவர் ஆய்கன் ஃபிஷர், பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஏதோ மரத்தடி ஜோசியம் இல்லை, அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளையே காசு கொடுத்த இடம்.

அங்கே டாக்டர் பட்டத்துக்குப் போனவர் புனேயைச் சேர்ந்த ஐராவதி கார்வே. மண்டை ஓடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாம இருக்குறதுக்கும் இனத்துக்கும் சம்பந்தம் உண்டுன்னு ஃபிஷருக்கு ஒரு நினைப்பு. கார்வே 149 மண்டை ஓடுகளை அளந்தார். சம்பந்தம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தார். 'உங்க ஸ்பெக்கே தப்பு சார்'னு நாம கிளையண்ட்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கோமா? :-)

(அதே கார்வே ஊர் திரும்பி, இங்கே சாதிவாரியா ஆட்களை அளந்தது தனிக் கதை. டேப்பைக் கையில எடுத்தா கீழே வைக்க மனசு வராது போல.)

சரி, ரிசல்ட்டைப் பாத்து நிறுவனம் திருந்துச்சா? எங்கே! 1937-ல ரைன்லாந்துக் கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டாங்க. 'இன்ன இனம்'னு சான்று எழுதினது இந்த நிபுணர்கள்தான். ஃபிஷருக்கு அப்புறம் வந்த ஃபெர்ஷுவரோட சிஷ்யர் மெங்கலே. ஆஷ்விட்ஸ்லேர்ந்து ரத்தமும் கண்களும் பார்சல்ல வந்தது இந்த டாலெமுக்குத்தான். போர் முடிஞ்சு, 1951-ல ஃபெர்ஷுவர் மியூன்ஸ்டர்ல மறுபடி பேராசிரியர். அந்த டாலெம் கட்டடம் இப்ப பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தோடது. 2014-ல பக்கத்துல தோண்டினப்போ மனித எலும்புகள். அப்புறமும் தோண்டத் தோண்டத் துண்டுதுண்டா வந்ததையெல்லாம் 2023-லதான் அடக்கம் பண்ணினாங்க. யாரோட எலும்புன்னு பேர் கிடையாது.

டேட்டா பொய் சொல்லாதாம். காலத்துக்குப் பேர் வச்சவன் சொல்வானே ஐயா!

இதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியலை. ஒரு ப்ராஜெக்ட்ல முகங்களை அடையாளம் காணுற டேட்டா வந்துச்சு. அதுல 'இனம்'னு ஒரு காலம், நாலே நாலு ஆப்ஷன். யார் நிரப்பினதுன்னு கேட்டேன். போட்டோவைப் பாத்து வென்டர் ஆளுங்க நிரப்பினதுன்னாங்க. என் மூஞ்சிக்கு எந்த ஆப்ஷன்னு பாத்தேன், 'மற்றவை'. டெட்லைன் வெள்ளிக்கிழமை. வாயை மூடிக்கிட்டு மாடலை ட்ரெய்ன் பண்ணிக் கொடுத்துட்டேன்.