ஊசியை எண்ணும் ஆய்வு மனைவியை எண்ணுமா?

போதைப்பொருள் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் இரண்டு கணக்குகளையே முன்வைக்கின்றனர். ஒன்று, பிடிபட்ட சரக்கின் எடை. மற்றொன்று, கைதானவர்களின் எண்ணிக்கை. போதைக்கு அடிமையான தொழிலாளியின் வீட்டில், அதே பாயில் படுத்துறங்கும் பெண்ணின் உடல்நலம் இவ்விரு கணக்குகளிலும் இடம்பெறுவதில்லை. தாராவி முதல் செம்பூர் வரை பரவிக் கிடக்கும் மும்பையின் தமிழ் உழைப்பாளர் குடியிருப்புகளுக்கு இது வெறும் புள்ளிவிவரக் குறைபாடு அல்ல. உயிர் சார்ந்த பிரச்சனையாகும்.

ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக் கொள்கின்றனர். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்புக் கணக்கின்படி, ஊசிப் பழக்கமுள்ளோரிடையே எச்.ஐ.வி. தொற்று சுமார் 9 சதவீதம். வயது வந்த பொது மக்களிடையே அது 0.21 சதவீதம். அதாவது நாற்பது மடங்குக்கும் அதிகம். ஊசிப் பழக்கமுள்ளோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் பலர் மணமானவர்கள். ஆகவே இந்த 9 சதவீதம் ஊசியோடு நின்றுவிடும் எண் அல்ல.

சென்னையும் மணிப்பூரும் கூறுவது

இதை ஆராய்ந்து சொன்னவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. சமீரன் பாண்டா குழுவினர் மணிப்பூரில் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஊசிப் பழக்கம் கொண்ட 161 ஆண்களின் மனைவியர் பரிசோதிக்கப்பட்டனர். அப்பெண்களுக்கு ஊசிப் பழக்கம் இல்லை. ஆயினும் 45 சதவீதத்தினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். கணவனுக்கோ மனைவிக்கோ வேறு பால்வினை நோய் இருந்த குடும்பங்களில் ஆபத்து கூடுதலாக இருந்தது.

அதே ஆய்வாளரின் குழு சென்னையில் 226 இணைகளிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. அங்கே ஆண்களில் 30 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. அவர்களுடைய துணைகளில் 5 சதவீதத்தினருக்கே இருந்தது. தொற்றுள்ள ஆண்களோடு வாழ்ந்த பெண்களில் ஏறத்தாழ ஆறில் ஐவர் அதுவரை தப்பியிருந்தனர் என்பதே இதன் பொருள். மணிப்பூரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தப்பவில்லை. சென்னைக் கணக்கு ஆறுதலுக்கு உரியதன்று. உடனே தலையிட்டால் அப்பெண்களைக் காக்க முடியும் என்ற அவகாசத்தைக் காட்டுவதாகும். ஆணை மட்டும் பரிசோதித்து அனுப்பியிருந்தால் இந்த அவகாசம் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. தம்பதியரை ஆய்வு செய்வதன் பயன் இதுவே.

மும்பையிலும் இதற்கு அடித்தளம் உண்டு. தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து, மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் பாலியல் நலம் குறித்து விரிவாக ஆராய்ந்தது. ஆண்கள் ‘குப்த் ரோக்’, அதாவது மறைநோய் என்று பெயரிட்டு அரசு மருத்துவமனையைத் தவிர்த்து, தெருமுனைத் தனியார் வைத்தியர்களை நாடுவதை அது வெளிக்கொணர்ந்தது. மதுவுக்கும் பாதுகாப்பற்ற உறவுக்கும் உள்ள தொடர்பையும் காட்டியது. வெள்ளைப்படுதல் என்று பெண்கள் சொல்லும் உபாதைக்குப் பின்னால் பல நேரங்களில் மணவாழ்வின் துயரமும் வன்முறையும் இருப்பதை அது உணர்த்தியது. பெண் தன் வாயால் சொல்ல முடியாததை உடலின் மொழியில் சொல்கிறாள் என்பதைக் கேட்டறிய, அளவெடுக்கும் படிவம் மட்டும் போதாது.

ஓர் அறை வீட்டில் ஒப்புதல்

தாராவியின் ஓர் அறை வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் சுற்றியிருக்க, “உங்கள் கணவர் ஆணுறை பயன்படுத்துகிறாரா?” என்று கேட்பது ஆய்வு ஆகாது. கணவன் அனுமதித்ததால் மனைவி பதில் சொல்வது ஒப்புதலும் ஆகாது. இருவரையும் தனித்தனியே, அவரவர் மொழியில், ஒருவர் சொன்னது மற்றவருக்குச் செல்லாது என்ற உறுதியோடு சந்திக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவுகள் அக்குடியிருப்பு மக்களிடமே திரும்பி வர வேண்டும். கேள்வி கேட்கப்பட்டவருக்குச் சிகிச்சைக்கான வழி காட்டப்பட வேண்டும். தகவலை எடுத்துச் சென்று பட்டமும் நிதியும் பெற்றபின் தெருவை மறந்துவிடும் ஆய்வு, உழைக்கும் மக்களைக் கச்சாப் பொருளாக்கும் இன்னொரு சுரண்டலே.

அதேபோல், தடுப்பின் பொறுப்பை மனைவியின் தலையில் சுமத்துவதும் ஏற்கத்தக்கதல்ல. ‘கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்’ என்ற அறிவுரை, மறுக்கும் உரிமை இல்லாதவளிடம் கூறப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், மணவாழ்வுக்குள் நிகழும் வல்லுறவைக் குற்றமாகக் கருதாத பழைய விதிவிலக்கை 63ஆவது பிரிவில் அப்படியே தக்கவைத்துக் கொண்டது. உறவையே மறுக்கச் சட்டப் பாதுகாப்பு இல்லாத பெண், ஆணுறையை எப்படி வலியுறுத்துவாள்? பாலியல் நலம் பற்றிய ஆய்வு இக்கேள்வியைத் தவிர்த்தால் அது பாதி உண்மையையே சொல்லும்.

சட்டம் ஒரு கையால் தருவதும் மறு கையால் பறிப்பதும்

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் போராட்டத்தின் விளைவு. தொற்று ஆபத்தைக் குறைக்கும் பணிகளை, அதாவது சுத்தமான ஊசி, ஆணுறை, மாற்று மருந்து வழங்குவதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று அது கூறுகிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதைத் தடுக்கிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பயன்படுத்தியதற்காகவே ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு அளித்தாலும், தெருவில் காவலரின் லத்தி அப்பிரிவைப் படித்துவிட்டு இறங்குவதில்லை. அச்சம் நோயை மறைக்கிறது. மறைந்த நோய் வீட்டுக்குள் நுழைகிறது.

மருந்து கிடைப்பதும் வர்க்கப் பிரச்சனையே. மும்பையில் ஊசிப் பழக்கமுள்ளோரிடையே 1990களிலிருந்து பணியாற்றும் சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை, கல்லீரல் அழற்சி சி நோய்க்கான ரோச் நிறுவனத்தின் மருந்துக் காப்புரிமையை எதிர்த்து வழக்காடியது. 2012 நவம்பரில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையை ரத்து செய்தது. சமூகம் ஒதுக்கித் தள்ளிய மனிதர்களோடு நின்ற ஓர் அமைப்பு, பன்னாட்டு ஏகபோகத்தைத் தோற்கடித்த நிகழ்வு அது.

இடித்துத் தள்ளினால் சிகிச்சை எங்கே?

இன்று தாராவியின் தலைக்குமேல் மற்றொரு ஆபத்து தொங்குகிறது. அதானி குழுமம் 80 சதவீதப் பங்கு வைத்துள்ள மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியோருக்கும் மாடிகளில் வசிப்போருக்கும் தாராவிக்குள் இடமில்லை. உப்பளங்களும் தேவ்னார் குப்பைமேடும் மறுகுடியமர்த்தலுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. செம்பூரை அடுத்த மாஹுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நடுவே குடியமர்த்தப்பட்ட மக்கள் பட்ட துயரத்தை மும்பை அறியும். ஊசிக்கு மாற்றான மருந்தை நாள்தோறும் மையத்துக்குச் சென்று வாங்க வேண்டும், எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. நடந்து செல்லும் தொலைவில் உள்ள சயான் மருத்துவமனையிலிருந்து குடும்பங்களைப் பிய்த்தெறிந்தால் அச்சங்கிலி அறும். சிகிச்சை தொடர்ந்தால் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறையும்; துணைக்கும் பரவாது. சிகிச்சை அறுந்தால் முதலில் பாதிக்கப்படுபவள் மனைவி. இந்தக் கணக்கு எந்தக் கட்டுமான அறிக்கையிலும் இல்லை.

இயக்கத்தின் கடமை

மாட்டுங்கா லேபர் கேம்ப், அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்து செங்கொடி கலைக்குழுவோடு பணியாற்றிய மண். பேசத் தயங்கியதைப் பேசவைத்த மரபு அங்கே உண்டு. போதைப்பொருளுக்கு எதிரான பிரச்சாரம் சரியானது, அவசியமானது. ஆனால் கடத்தல்காரனையும் அவனுக்குத் துணைபோகும் அதிகாரத்தையும் நோக்க வேண்டிய விரல், போதையில் வீழ்ந்த தொழிலாளியை நோக்கித் திரும்பினால் அது காவல்துறையின் மொழியாகிவிடும். ‘குடிகாரன் வீடு’, ‘ஊசிக்காரன் பெண்டாட்டி’ என்ற சொற்கள் கிளைக் கூட்டங்களிலும் ஒலிப்பதைத் தோழர்கள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

சயான் மருத்துவமனையிலும் மாநகராட்சி மருந்தகங்களிலும் தமிழ் அறிந்த பெண் ஆலோசகர்கள் வேண்டும். பெண்களுக்கான தனி நேரமும், துணைக்கும் சேர்த்து இலவசப் பரிசோதனையும் வேண்டும். மறுசீரமைப்புக்கு முன் சிகிச்சைத் தொடர்ச்சிக்கு எழுத்துபூர்வ உத்தரவாதம் வேண்டும். மாதர், வாலிபர், தொழிற்சங்க அமைப்புகள் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. கோரிக்கை மனுவோடு கடமை முடிந்துவிடாது. சொல்ல இயலாத துயரோடு வரும் பெண் தயக்கமின்றி ஏறிவரக்கூடிய இடமாகக் கட்சி அலுவலகத்தின் படி இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கிளையும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.