எந்த ஆற்றைக் காணச் செல்வோம்?



டிசம்பர் மாதத்தில் ஒருநாள் ஆற்றங்கரைச் சுற்றுலா செல்வதென நம் வகுப்பு முடிவு செய்துள்ளது. எங்குச் செல்லலாம் என்று கேட்டபோது, உங்களுள் பெரும்பாலோர் ‘ஒகேனக்கல்’ என்றீர்கள். நானோ கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குச் செல்வதே நன்று எனக் கருதுகிறேன். என் காரணங்களைக் கீழே தருகிறேன். படித்தபின் உங்கள் முடிவைக் கூறுங்கள்.

ஒகேனக்கல்லின் அழகை நான் மறுக்கவில்லை. காவிரி அங்கே பாறைகளினூடே பல கிளைகளாகப் பிரிந்து வீழ்கிறது. நீர்த்திவலைகள் புகைபோல் எழுகின்றன. கன்னடமும் அறிந்த உங்களுக்கு ‘ஹொகே’ என்றால் புகை என்பது தெரியும்; ‘புகையும் கல்’ என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். பரிசல் பயணமும் மறக்க இயலாத ஒன்று.

ஆனால், ஒருநாள் பயணத்திற்கு முதலில் காலத்தைக் கணக்கிட வேண்டும். அத்திபெலேயிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பேருந்தில் போக மூன்றரை மணிநேரம், வர மூன்றரை மணிநேரம் என்றால் பகற்பொழுதில் பாதிக்குமேல் சாலையிலேயே கழிந்துவிடும். மேலும், காவிரியில் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. அவ்வாறு தடை இருந்தால், ஆசையோடு சென்ற நாற்பது பேரும் ஏமாற்றத்தோடு திரும்ப நேரும். ஒகேனக்கல்லுக்குப் பெற்றோருடன், நீரின் அளவை முன்கூட்டியே கேட்டறிந்து, ஓரிரவு தங்கும்படி செல்வதே பொருத்தம்.

கிருஷ்ணகிரி அணையோ 70 கிலோமீட்டருக்குள் உள்ளது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த அணை அது. மரநிழலும் புல்வெளியும் கொண்ட பூங்கா அங்குள்ளது. அணைக்குக் கீழே 9,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதன் நீரால் விளைகிறது. ஒன்றரை மணிநேரத்தில் சென்றுவிடலாம். மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. அவ்வணையில் தேங்கி நிற்பது தென்பெண்ணை ஆறு. கர்நாடகத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசகோட்டே வழியாகத் தெற்கே வந்து, ஓசூருக்கு அருகில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் ஆகிய அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. சங்கப் புலவர் கபிலர் உயிர்நீத்த இடமாகக் கருதப்படும் கபிலர் குன்று, திருக்கோவிலூரில் இவ்வாற்றின் நடுவேதான் உள்ளது.

அத்திருக்கோவிலூருக்கு அருகில் பிறந்தவன் நான். பணியின் பொருட்டு இங்கு வந்தபோது, சொந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டதாக வருந்தினேன். ஒருநாள் நிலப்படத்தை விரித்துப் பார்த்தேன். என் ஊர் ஆறு இந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டுச் செல்கிறது என்பதைக் கண்டேன். நீங்களும் உங்கள் பெற்றோரின் ஊர் எந்த ஆற்றின் கரையில் உள்ளது என்று தேடிப் பாருங்கள்.

அந்த ஆறு இன்று நலமாக இல்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நுரை பொங்கிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவ்வேரிகளின் உபரிநீர் தென்பெண்ணையில்தான் சேர்கிறது. நாம் துணி துவைக்கும் சலவைத்தூளும், தொழிற்சாலைக் கழிவும், சுத்திகரிக்கப்படாத சாக்கடையும் அந்நீரில் கலக்கின்றன. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நீர் வேகமாக விழுந்து கலங்கும்போது, மலைபோல் வெண்ணுரை எழுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் பஞ்சுப்பொதி போலத் தோன்றும். அருகில் சென்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

“நாற்றமடிக்கும் ஆற்றைப் பார்க்கவா சுற்றுலா, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பூங்காவில் விளையாடத்தான் போகிறோம். ஆனால், போகும் வழியில் கெலவரப்பள்ளியில் அரைமணிநேரம் நின்று பார்ப்போம். ஆலைக் கழிவைச் சுத்திகரிப்பது ஆலைகளின் கடமை. அதைக் கண்காணிப்பது அரசின் கடமை. அவற்றைக் கேட்க வேண்டியவர்கள், முதலில் கண்ணால் கண்டிருக்க வேண்டும். நம் வீட்டுக் குழாயடியில் தொடங்கும் நீர் யாருடைய வயலில் போய்ச் சேர்கிறது என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்த அரைமணிநேரம் தெளிவாகக் கற்பிக்கும்.

ஆகவே, என் திட்டம் இதுதான். காலை ஏழு மணிக்குப் புறப்படுவோம். பேருந்து மாநில எல்லையைக் கடக்க உரிய அனுமதியையும், பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களையும் ஒரு வாரம் முன்னரே பெற்றுவிடுவோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்வோம். நெகிழிப் பை வேண்டா. எந்த இடத்திலும் நீரில் இறங்க மாட்டோம். முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு.

இதற்கு மாறான கருத்துடையோர் காரணங்களுடன் எழுதித் தருக. அவை என் காரணங்களினும் வலியவையாயின், ஒகேனக்கல்லுக்குப் பேருந்து பேச நானே முன்வருவேன்.

சொற்பொருள்

திவலை – சிறு துளி
பரிசல் – வட்ட வடிவமான சிறு படகு
மதகு – அணையிலிருந்து நீரைத் திறந்துவிடும் வாயில்
உபரி – மிகுதி
நெகிழி – பிளாஸ்டிக்

சிந்தித்து எழுதுக

1. ஆசிரியர் ஒகேனக்கல்லைத் தவிர்க்கக் கூறும் இரு காரணங்கள் யாவை?
2. கெலவரப்பள்ளி அணையில் நுரை எழுவது ஏன்?
3. ஆசிரியரின் கருத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? பத்து வரிகளில் எழுதுக.