பலி கொடுத்த காயும் மனப்பாடக் கட்டுரையும்



2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், நம் செந்தோசாத் தீவில் நடைபெற்ற உலகச் சதுரங்கப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக வெற்றியாளரானார். நம் பிள்ளைகள் பலருக்கும் சதுரங்க ஆர்வம் பெருகியுள்ளது. மகிழ்ச்சியே. எனினும், ஆட்டம் முடிந்தவுடன் அவர்கள் கைப்பேசியில் உள்ள சதுரங்க நிரலைத் திறந்து சரியான நகர்வு எது எனப் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றனர். ஏன் அது சரி என்று கேட்டால், "கணினி சொல்கிறது" என்பதே பதில்.

அந்தக் கணினியையே பரீட்சிப்பவர்கள் இவ்வளவு எளிதில் நிறைவடைவதில்லை. நிரலின் திறனை அறிய அவர்கள் விரும்பிக் கொடுக்கும் வினா, காயைப் பலி கொடுத்து வெல்லும் நிலைதான். இழப்பு உடனே தெரியும். ஆதாயம் பல நகர்வுகளுக்குப் பின்னரே புலப்படும். ஆகவே அது நல்ல சோதனை.

இவ்வகையில் புகழ்பெற்ற ஒரு நிலை 1998இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் தோன்றியது. வெசெலின் டோபலோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடியவர் அலெக்சி ஷிரோவ். இருவரிடமும் ஆளுக்கு ஒரு மந்திரி. ஆனால் ஒன்று வெள்ளைக் கட்டங்களிலும் மற்றொன்று கறுப்புக் கட்டங்களிலும் செல்வது. இத்தகைய ஆட்டங்கள், ஒருவரிடம் இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக இருந்தாலும், பெரும்பாலும் சமநிலையிலேயே முடியும். ஷிரோவ் தம் 47ஆவது நகர்வில், தம்மிடமிருந்த ஒரே மந்திரியை எதிராளியின் சிப்பாய் வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்!

காரணம் இதுதான். அவருடைய ராஜா முன்னேற வேண்டிய வழியில் அந்த மந்திரியே நின்றது. சும்மா விலகினால் எதிராளியின் ராஜா வந்து வழியை அடைத்துவிடும். எதிராளியின் சிப்பாயைத் தாக்கியபடி விலகினால் ஒரு நகர்வு மிச்சம். டோபலோவ் மந்திரியை வெட்டினார். அதற்குள் கறுப்பு ராஜா முன்னேறித் தன் சிப்பாய்களுக்குத் துணையாகிவிட்டது. சில நகர்வுகளில் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த நகர்வு பல ஆண்டுகள் நிரல்களைத் திணறடித்தது. மந்திரியின் மதிப்பு ஏறத்தாழ மூன்று சிப்பாய்கள். அக்கால நிரல்கள் குறிப்பிட்ட ஆழம்வரை கணக்கிட்டு நின்றன. நின்ற இடத்தில் இழப்பு மட்டுமே கண்ணில் பட்டது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கூற வேண்டும். 1997 மே 11ஆம் நாள், நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ, காஸ்பரோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் எட்டாவது நகர்வில் குதிரையைப் பலி கொடுத்து, 19 நகர்வுகளில் வென்றது. வினாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய வல்ல கணினி அது. ஆனால் அந்தப் பலியை அது கணக்கிட்டுக் கண்டறியவில்லை; மனிதர்கள் முன்கூட்டியே அதன் தொடக்க ஆட்டத் தொகுப்பில் சேர்த்து வைத்திருந்தனர்.

விடை சரி; ஆனால் அது யாருடைய விடை?

இதனால்தான் கவனமாகப் பரீட்சிப்பவர்கள் நிரலின் தொடக்கத் தொகுப்பை நிறுத்திவிடுகின்றனர். முந்தைய கணக்குகளின் நினைவையும் அழிக்கின்றனர். நகர்வு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதன் பயனை நிரல் சரியாக மதிப்பிட்டதா என்றும் பார்க்கின்றனர். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: ஒரு சிப்பாயை இடம் மாற்றி, அந்தப் பலி பலிக்காத நிலையை உருவாக்கி மீண்டும் கேட்க வேண்டும்.

தேசியக் கல்விக் கழகத்தில் பயின்றபோது எங்களுக்கு வலியுறுத்தப்பட்டதும் இதுவே: தேர்வு, தான் அளக்க வந்ததைத்தான் அளக்கிறதா?

நம் தமிழ்க் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். கதை பேரங்காடிக்குள் நடந்தாலும் கட்டுரை சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. சொற்றொடர்கள் அழகானவை, மதிப்பெண்ணும் வருகிறது. "அந்தச் சிறுவன் ஏன் திரும்பி ஓடினான்?" என்று வாய்மொழியாகக் கேட்டால் பிள்ளை மௌனமாகிவிடுகிறது. அது டீப் புளூவின் குதிரை.

மனப்பாடமே கூடாது என்று நான் கூறவில்லை. கிராண்ட்மாஸ்டர்களும் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்கின்றனர். வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகளுக்கு நல்ல தொடர்கள் கைவசம் இருப்பது தேவையும்கூட. ஆனால் தொகுப்பு முடியும் இடத்தில் பிள்ளை தானே ஆடத் தெரிந்திருக்க வேண்டும். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, இளம் வயதில் நெடுங்காலம் அவரை நிரல்களின் துணையின்றியே பயிற்றுவித்தார். விடையைப் பார்க்கும் முன் தானே எண்ணிப் பழக வேண்டும் என்பதன் பயன் செந்தோசாவில் தெரிந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கும் தொடக்கநிலை 6இல் இதைச் செய்வது கடினம். ஆகவே தொடக்கநிலை 4இலேயே தொடங்குங்கள். வாரம் ஒரு கட்டுரையை மாதிரிக் கட்டுரை பாராமல் பிள்ளை சொந்தமாக எழுதட்டும். பிழைகள் மலியும், மதிப்பெண் குறையும். அதுவே நாம் கொடுக்கும் பலி. அந்த வாரத்து மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அஞ்சினால், நாமும் ஆழம் போதாத பழைய நிரலைப் போன்றவர்களே.

ஆசிரியர்களாகிய நாமும், படம் ஒன்றை மாற்றிக் கேட்போம். எழுதியதற்குக் காரணம் கேட்போம். பிழையுடன் வந்தாலும் சொந்த வாக்கியத்தைப் பாராட்டுவோம். இரவல் தொடரால் தேர்வில் வென்று, பிறகு தமிழில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகளை நாம் அனைவரும் அறிவோம். அவர்களின் எண்ணிக்கை பெருகக் கூடாது என்பதே என் கவலை.