பசுமை வீடும் கொத்தனாரின் தமிழும்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ‘பசுமை வீடு’ என்றால் அரசு கட்டிக்கொடுத்த வீடு என்றே பொருள். 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் திட்டத்தில் 300 சதுர அடியில், 1.80 லட்சம் ரூபாய்ச் செலவில், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளோடு எழுந்தவை அவை. பாளையங்கோட்டையில் புதுமனை போடுகிறவர்களிடம் இதே சொல்லுக்கு வேறு பொருள் வந்திருக்கிறது: சான்றிதழ் பெற்ற வீடு. இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றிச் சில சொல்லத் தோன்றுகிறது.

சான்றிதழுக்கான வழிகளுக்குப் பஞ்சமில்லை. 2001இல் உருவான இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் 2008 முதல் வீடுகளுக்கென்றே தனி மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது. டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து வளர்த்த ‘கிருஹா’வில் 2,500 சதுர மீட்டருக்குட்பட்ட கட்டடங்களுக்கு ‘ஸ்வகிருஹா’ என்ற எளிய வடிவம் உண்டு. உலக வங்கிக் குழுமத்தின் ‘எட்ஜ்’ முறை மின்சாரம், நீர், கட்டுமானப் பொருளில் உறைந்துள்ள ஆற்றல் ஆகிய மூன்றிலும் 20 சதவீதச் சேமிப்பைக் கேட்கிறது. கணக்கிடும் மென்பொருள் இலவசம். 2018 டிசம்பரில் எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகளை வெளியிட்டது.

எல்லாம் சரி. ஆனால் இவற்றைப் படிக்கப்போகிறவர் யார்? நெல்லைச் சீமையில் பெரும்பாலான வீடுகளை எழுப்புகிறவர் கட்டடக் கலைஞர் அல்லர், கொத்தனார். வாசல் எந்தத் திசை, சன்னல் எவ்வளவு அகலம், மேற்குச் சுவர் எத்தனை கனம் என்பதையெல்லாம் அவரும் வீட்டுக்காரரும் மனையில் நின்றபடியே முடிவு செய்கிறார்கள். கையேடுகளோ ஆங்கிலத்தில், புள்ளிப் பட்டியல்களாக, ஆலோசகர்களுக்காக எழுதப்பட்டவை. கொத்தனார் படிக்கும் தமிழில் அவை அவர் கைக்கு வந்து சேரவில்லை.

சூரிய மின்தகடு மட்டும் மாடிகளில் ஏறிவிட்டதே என்று கேட்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதை விற்பவர் வீடு தேடி வந்து தமிழில் விளக்குகிறார். மேற்குச் சுவரில் நிழல் விழச்செய்யும் யோசனையை விற்பவர் யாருமில்லை. மேல்காற்று வீசும் ஆனி ஆடியில் அது வீட்டுக்குள் புகுந்து வெளியேற எதிரெதிரே சன்னல் வைக்கச் சொல்வதில் யாருக்கும் தரகு கிடைக்காது. விலை இல்லாத அறிவே இங்கு மிகவும் அரிதாகக் கிடைக்கிறது.

அருகில் கிடைக்கும் பொருளுக்கு இத்தகைய மதிப்பீடுகள் முன்னுரிமை தருகின்றன. நல்ல கொள்கைதான். ஆனால் நமக்கு மிக அருகில் இருப்பது தாமிரபரணி மணல். அதை அள்ளுவதற்கு எதிராக ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு வழக்குத் தொடுக்க, 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2023 ஏப்ரலில் மணல் கடத்தலைத் தட்டிக்கேட்ட முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணலுக்கு மாற்று எம்-சாண்ட் என்கிறோம். அது கல்லை உடைத்து வருவது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர் இறந்தனர். ஆக, பக்கத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பசுமையாகிவிடாது. குறைவாகப் பயன்படுத்துவதே முதல் அறம்.

குறைப்பதற்கான வித்தைகள் மலைக்கு அந்தப்புறமே இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், செங்கலைக் குத்தவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிஞ்சும். உள்ளிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி பாரம் தாங்குவதில்லை என்பதால் அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். இவற்றைத் தம் கையாலேயே படம் வரைந்து சிறு பிரசுரங்களாக்கினார். ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989 முதல் அழுத்திய மண்கல்லைக் கற்பிக்கிறது. நம் கொத்தனார் ஒரு நாள் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்கள்தாம் இவை.

பழைய வீட்டுக்குத் திரும்பச் சொல்வதாக நண்பர்கள் எண்ண வேண்டாம். தார்சாவும் பட்டாசலும் வானவெளியும் நெல்லைச் சிறுகதை வாசகர்களுக்குப் பழக்கமானவை. மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்புமாக அமைந்த மட்டப்பாவின் கீழே சித்திரை வெயில் தணிந்திருந்தது உண்மை. அதே வீட்டின் அடுப்படியில் பெண்கள் புகையில் கண் கசிந்ததும், யார் தார்சா வரை வரலாம், யார் தெருவோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்ததும் உண்மை. காற்றுக்கும் வெளிச்சத்துக்குமான அறிவை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

சட்டம் போட்டால் போதும் என்பார்க்கு 2003இன் மழைநீர்ச் சேகரிப்புச் சட்டமே பாடம். எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றதும் குழாய் இறங்கியது. இன்று பல வீடுகளில் அது எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஆறு நகருக்குள் புகுந்தபோது, நீர் போகும் வழியை மறந்து மனை பிரித்ததன் விலை தெரிந்தது.

செய்யக்கூடியது என்ன? 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்றில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதியோடு தமிழில் இருபது பக்கப் படக் கையேடு ஒன்றையும் சேர்த்துத் தரலாம். திசை, நிழல், காற்று, மழைக்குழி, வெள்ளக் குறி, மணலைக் குறைக்கும் கட்டுமுறை ஆகியவை அதில் போதும். நெல்லை அரசு பொறியியல் கல்லூரி போன்றவை கொத்தனார்களுக்கு வாரப் பயிற்சி நடத்தலாம். மொழியில் நமக்கும் வேலையுண்டு. ‘கிராஸ் வெண்டிலேஷன்’ என்பதற்குச் சொல்லாக்கக் குழு எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. கொத்தனாரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும்.

சான்றிதழ் பெற வசதியுள்ளவர் பெறட்டும். எனினும் இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றைக் காக்கப்போவது சுவரில் மாட்டிய பத்து சான்றிதழ்கள் அல்ல. ஒரு லோடு மணலைக் குறைத்துக் கட்டப்பட்ட பத்தாயிரம் சாதாரண வீடுகளே.