எழுத்தறிவுக்கு எல்லைக்கோடு போட்டது யார்?

"அந்த ஊர்க்காரனுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சு நம்மிடையே சர்வசாதாரணமாக அடிபடுகிறது. பீகாரிலிருந்து வந்த தொழிலாளியைப் பார்த்து நம்மில் சிலரே இப்படிச் சொல்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் இதே மும்பையில் சிவசேனை தென்னிந்தியர்மீது வெறுப்பைக் கிளப்பியபோது நாமும் இதுபோன்ற ஏச்சுகளைக் கேட்டவர்கள்தாம். இப்பேச்சு பொய். பொய் மட்டுமல்ல, உழைக்கும் மக்களைப் பிரித்து வைக்கும் சூழ்ச்சியுமாகும்.

கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிவு பெற்றோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர். பீகாரில் 62 பேர். இடைவெளி 18. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே கன்னியாகுமரியில் 92 பேர், தருமபுரியில் 69 பேர். இடைவெளி 23! இரண்டும் தமிழ் மண்தானே? இரத்தத்திலா இருக்கிறது வேறுபாடு?

இல்லை, தோழர்களே. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த பூமி. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்று 1817-இல் அறிவித்த சமஸ்தானம் அது. மிஷன் பள்ளிகள் அங்கே ஒடுக்கப்பட்டோருக்குக் கதவைத் திறந்தன. தோள்சீலைக்காகப் போராடிய மக்கள் படிப்பையும் உரிமையாகக் கேட்டார்கள். ஒரு கிராமத்தில் படித்தவர் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியாரானார். படித்த தாய் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதுபோல் கல்வி அண்டை அயலுக்குப் பரவியது. விளக்கே இல்லாத வட்டாரத்தில் யாரிடமிருந்து யார் ஏற்றுவது? வறட்சியும் கந்துவட்டியும் விரட்ட, தருமபுரிக் குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூருக்கு மூட்டை கட்டுகின்றன. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது.

சரக்குக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி என்பதையும் கவனிக்க வேண்டும். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை நடப்பில் இருந்தது. அதனால் கிழக்கே உருக்கிய எஃகு தூரம் பாராமல் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது. சுரங்கத்தின் அருகிலேயே ஆலை வைக்கும் அவசியம் முதலாளிக்கு இல்லாமற்போனது. ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் பெருகின. பின்னால் ஆட்களும் இரயிலேறினார்கள். இரும்பின் விலையைச் சமன் செய்த அரசு, பள்ளியைச் சமன் செய்ததா?

ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கும் செலவு சொந்த ஊருக்கு. வளர்ந்த அந்த உழைப்பின் பலன் வந்த நகரத்துக்கு. நாம் அனுப்பும் மணியார்டரும் வங்கிப் பணமும் அந்தக் கடனில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கின்றன. ஆகவே உழைப்பாளியின் குழந்தைக்கு நகரம் பள்ளி தருவது தர்மமல்ல. பட்ட கடனைத் திருப்பித் தருவதேயாகும்.

இதற்குச் சட்டமும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தருகிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் சேரும் உரிமை குழந்தைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்றும் திருப்பி அனுப்பக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி வசதி செய்ய முயல வேண்டுமென அரசியல் சட்டத்தின் 350அ பிரிவும் சொல்கிறது.

சட்டம் ஏட்டில் கிடந்தால் சுரைக்காய்தான். ஆகவே ஒவ்வொரு சாலிலும், ஒவ்வொரு குடிசைப் பகுதியிலும் பள்ளி செல்லாத பிள்ளைகளின் பட்டியலை நாம் எடுப்போம். தலைமையாசிரியர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்போம். சங்கமாகச் சென்று கேட்போம். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைவென்று வகுப்பை மூட வந்தால், பிள்ளைகளைச் சேர்த்தே பதில் சொல்வோம்.

இன்னொன்று. இன்று திருப்பூருக்கும் சென்னைக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் குடும்பங்கள் வருகின்றன. இங்கே நம் பிள்ளைக்கு நாம் கேட்பதை அங்கே அவர்கள் பிள்ளைக்கும் கொடு என்று தமிழ்நாட்டு உறவினர்களுக்கு எழுதுவோம். அதைச் சொல்லாமல் இங்கே உரிமை கேட்க நமக்கு வாயில்லை.