என் பெயரைச் சுருக்க வேண்டாமே!

பெர்பெத்துவா, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

இவ்வாண்டு ஒரு நாள் காலை, எங்கள் வகுப்பாசிரியை நீளமான தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்கள். அரசுப் பொதுத் தேர்வு எழுதும் மாணவியரின் பெயர்ப் பட்டியல் அது. "பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் வீட்டில் கேட்டுச் சரிபார்த்துக் கொண்டு வந்து கையெழுத்திடுங்கள். சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு" என்று எச்சரித்தார்கள். மற்றவர்கள் அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கோ நெஞ்சு படபடத்தது. பல ஆண்டுகளாக நான் எதிர்பார்த்திருந்த சந்தர்ப்பம் அல்லவா அது!

அன்புத் தோழியரே, என் பெயர் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அறிவீர்கள் என்ன, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு! 'பெர்ப்' என்று தொடங்கி, 'பெப்பர்' ஆகி, இப்போது 'மிளகு' என்று தமிழாக்கமும் செய்துவிட்டீர்கள். வெளியே போனால் இன்னும் மோசம். ஒரு மருத்துவமனையில் "பிரபாவதி, பிரபாவதி" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும், யாரோ பிரபாவதியாம், இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை போயே போய்விட்டது.

அன்று மாலை அப்பாவிடம் என் விண்ணப்பத்தை வைத்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. "மாற்ற வேண்டுமானால் கெஜட்டில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அலைய வேண்டும். செய்யலாம். ஆனால் அது பாட்டியின் பெயர். பொருளையாவது காப்பாற்று. நித்தியா என்று வைத்துக்கொள்" என்றார்.

இது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. மறுநாள் எங்கள் சிஸ்டர் ஒருவரிடம் கேட்டேன். 'பெர்பெத்துவா' என்பது இலத்தீன் சொல்லாம். இடைவிடாத, தொடர்ச்சியான, என்றும் நிலைத்த என்று பொருள். நித்தியம் என்பதும் அதுதானே! அப்படியானால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நித்தியா என் பெயர்க்காரி. அவளை யாரும் மிளகு என்று கூப்பிடுவதில்லை. சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்கள். இடைவிடா சகாய மாதா என்று நாம் வணங்கும் அன்னையின் இலத்தீன் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறதாம். நம் பள்ளியில் சகாயமேரிகளும் சகாயராணிகளும் எத்தனை பேர்! 'சகாய'த்தை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்; 'இடைவிடா' மட்டும் என் தலையில் விழுந்தது.

பொருள் ஒன்றேயானால் நித்தியா என்று மாற்றிக்கொள்வதில் என்ன தவறு? வீரமாமுனிவரே தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்று தமிழில் அழைத்தார் அல்லவா? இப்படியெல்லாம் வாதத்தைத் தயார் செய்துகொண்டு நான் கிளம்பும்போது சிஸ்டர், "பொருளைக் கேட்டாய், ஆளைக் கேட்கவில்லையே" என்று சொல்லி, நூலகத்திலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த ஆள் யார் தெரியுமா? வடஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் என்னும் நகரம் ரோமப் பேரரசின் கீழ் இருந்த காலம். அதன் இடிபாடுகள் துனிசியா நாட்டின் தலைநகரான துனிஸ் அருகே இன்றும் உள்ளன. விபியா பெர்பெத்துவா அந்நகரத்து உயர்குடிப் பெண். விபியா என்பது குடும்பப் பெயர். வயது ஏறத்தாழ 22. நன்கு படித்தவள், மணமானவள், கையில் பால்குடி மாறாத ஆண் குழந்தை. கிறிஸ்தவ மறையைக் கற்று வந்த குற்றத்துக்காக அவளையும் தோழர்களையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் பெலிசித்தா ஓர் அடிமைப் பெண், நிறைமாதம் நெருங்கிய கர்ப்பிணி. சிறையிலேயே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கி.பி. 203ல், பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் கேளிக்கையில், கொடிய விலங்குகளின் முன் இவர்களைத் தள்ளினார்கள். மாடு முட்டித் தூக்கி எறிந்தபோதும், விரித்த கூந்தல் துக்கத்தின் அடையாளமாகிவிடுமே என்று பெர்பெத்துவா தன் தலைமுடியைச் சேர்த்துச் செருகிக்கொண்டாளாம்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சிறையில் இருந்தபடி அவளே எழுதி வைத்தாள். சாவுக்கு முந்திய நாள் வரை எழுதியிருக்கிறாள். முன்னுரையும் முடிவும் வேறொருவர் சேர்த்தவை. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதி இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் மிகப் பழமையானவற்றுள் அது ஒன்று. குழந்தையைப் பிரிந்து தவித்ததையும், அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனையாகத் தோன்றியதையும் எழுதுகிறாள். ஓர் அம்மாவின் குறிப்பு அது.

என்னைக் கட்டிப்போட்ட இடம் வேறு. அவளுடைய தந்தை அவளிடம் வந்து, விசுவாசத்தை விட்டுவிடு, உயிர் பிழைத்துக்கொள் என்று கெஞ்சுகிறார். அவள் அங்கே இருந்த ஒரு சிறு குடத்தைக் காட்டி, இதை இதன் பெயரைத் தவிர வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார் தந்தை. அப்படியே நானும் நான் எதுவோ அதைத் தவிர வேறு பெயரால் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது, நான் கிறிஸ்தவள் என்கிறாள். இன்னொரு நாள் தந்தை அவள் கைகளை முத்தமிட்டு, காலடியில் விழுந்து அழுகிறார்; மகளே என்று கூப்பிடாமல் அம்மணி என்று கூப்பிடுகிறாராம். அவர் நிலையை எண்ணி அவள் வருந்துகிறாள், ஆனால் இணங்கவில்லை.

உயிர் போகும் நேரத்திலும் தன்னை வேறு பெயரால் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்றவளின் பெயர், வாயில் நுழையவில்லை என்ற காரணத்துக்காக நான் விட நினைத்த பெயர்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனை பெருமை இருந்தும் இப்பெயர் ஏன் பரவவில்லை? நான் யோசித்துப் பார்த்தேன். திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா என்று ஏழு பெண்களின் பெயர்கள் ஒன்றாக வருகின்றன. லூசியாவும் ஆக்னசும் செசிலியும் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த மன்றாட்டைச் சாமியார்கள் அடிக்கடி சொல்வதில்லை. சொன்னாலும் அந்தப் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் விட்டுவிடலாம். எனவே என் பெயரைக் கோவிலில் கேட்பதே அபூர்வம். ஆனால் கென்யா, நைஜீரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்பெயர் வழங்குகிறது. அவர்கள் கண்டத்துப் புனிதை அல்லவா! இத்தாலியிலோ, பங்குச் சாமியாரின் வீட்டில் சமைக்கும் அம்மாளுக்கே பெர்பெத்துவா என்றுதான் பெயர். மன்சோனி 1827ல் வெளியிட்ட நாவலில் அப்படி ஒரு வாயாடி வேலைக்காரி வருகிறாளாம். இதைத் தோழியரிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

கணினி அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எழுத்துருக்களின் பட்டியலை உருட்டிக்கொண்டு வந்தபோது 'பெர்பெத்துவா' என்று ஒன்று கண்ணில் பட்டது. நான் போட்ட கூச்சலில் சிஸ்டரே ஓடி வந்துவிட்டார்கள். 1920களின் இறுதியில் இங்கிலாந்தில் மோனோடைப் நிறுவனத்துக்காக உருவான அச்செழுத்து அது. அதன் சாய்வெழுத்துக்கு முதலில் பெலிசித்தாவின் பெயரைத்தான் வைத்தார்களாம். சீமாட்டியும் அடிமைப் பெண்ணும் அங்கேயும் பிரியவில்லை.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். பொருளை மொழிபெயர்க்கலாம்; அந்தப் பெயரோடு வாழ்ந்தவளை மொழிபெயர்க்க முடியாது. நித்தியா என்பது அழகான பெயர்தான், முதல் பெஞ்சுத் தோழி கோபிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் குடத்தைக் காட்டிய பெண் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டாள், என் பாட்டியும் வரமாட்டார்கள். பெற்றோர்களே, அப்பா பெயரில் பாதியும் அம்மா பெயரில் பாதியும் வெட்டி ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறீர்களே, பெரியவளானதும் அவள் 'இது யாருடைய பெயர்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தோழியரே, உங்களையும் ஒன்று கேட்கிறேன். ஏழு எழுத்து 'இன்ஸ்டாகிராம்' நுழைகிற வாயில் ஆறு எழுத்து 'பெர்பெத்துவா' நுழையாதா?

பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் பிறந்தது மார்ச் 6. அன்றைய புனிதையின் பெயரையே ஞானஸ்நானத்தில் வைத்தார்களாம். காலண்டரில் திருநாள் 7ஆம் தேதி என்று போட்டிருக்கிறதே என்றேன். "காலண்டர்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார்கள். இருவர் சொல்வதும் சரிதான் என்று பிறகு தெரிந்தது. மார்ச் 7ல் தோமா அக்குவினாஸ் திருநாளும் வந்ததால் 1908ல் இவர்களை 6ஆம் தேதிக்கு நகர்த்தியிருக்கிறார்கள். 1969ல் நாட்காட்டியைச் சீர்திருத்தியபோது பழைய 7ஆம் தேதியையே திருப்பித் தந்துவிட்டார்கள். பாட்டி இதை ஏற்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் இனி இரண்டு நாளும் பாயசம்.

மறுநாள் பள்ளிக்குச் சென்று பட்டியலில் என் பெயரைத் தேடினேன். 'பெர்பெதுவா' என்று இருந்தது. ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. ஆசிரியையிடம் சிவப்பு மை வாங்கி அதைச் சேர்த்துவிட்டு, எதிரே கையெழுத்திட்டேன்.