ஒளித்து வைத்த பூனையும் ஒரு கெடு தேதியும்

எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் முதலில் எழுந்து ஓடுவது நான்தான். கதவைத் திறக்க அல்ல, சுண்டலைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போக. சுண்டல் எங்கள் பூனை. தொடக்கநிலை நான்கில் படித்தபோது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நான் கண்டெடுத்தது. "யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணி ஆபீசர் வந்துட்டா என்ன பண்றது?" என்று பயந்துகொண்டேதான் அம்மா அதற்குக் கிண்ணத்தில் பால் ஊற்றினார். (பெரும்பாலான பூனைகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.)

இப்போது சுண்டலுக்கு உரிமம் இருக்கிறது. 1989 முதல் 35 ஆண்டுகளாக வீவக வீடுகளில் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். அதற்காகத் தரப்பட்ட ஈராண்டு மாறுகாலம் 2026 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது. இரண்டுக்கு மேல் வைத்திருப்போரும் இந்தக் காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் உரிமம் வாங்கிவிட்டால் அவற்றைத் தொடர்ந்து வளர்க்கலாம். கெடு தாண்டிய பிறகு உரிமமில்லாத பூனை சட்டவிரோதம்.

சட்டம் மாறியது, நல்லது நடந்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக வாரயிறுதிகளில் ஒரு சிறிய மீட்புக் குழுவுக்கு உதவி வரும் எனக்கு, இந்த மாற்றத்தின் சுமையில் கணிசமான பகுதியை யார் தூக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வீவக வீட்டில் வசிக்கிறார்கள். தெருவில் கிடந்த குட்டியை ஒரு அமைப்பு காப்பாற்றினால், அதை எந்த வீட்டில் சேர்ப்பது? தனியார் வீடுகளில் மட்டும் என்றால் காப்பகங்கள் ஒரே மாதத்தில் நிரம்பிவிடும். ஆகவே விதியைத் தெரிந்துகொண்டே பல பூனைகள் வீவக வீடுகளுக்குத் தத்துப் போயின. பூனைகளைக் கட்டுப்படுத்துவது கடினம், முடி உதிரும், பொது இடங்களை அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பவை தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஜன்னலுக்கு வலை அடித்து, கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் இந்தப் புகார்களில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது தொண்டூழியர்களின் வாதம். 2012இல் சோங் பாங்கில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அங்குள்ள வீவக வீடுகளில் நிபந்தனைகளோடு பூனை வளர்க்க அனுமதி தரப்பட்டது. அந்த முன்னோட்டத்திலிருந்து நாடு தழுவிய விதிக்கு வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின. சுண்டலோடு நான் படுக்கையறைக்கு ஓடிக்கொண்டிருந்தது அந்த இடைவெளியில்தான்.

தெருப் பூனைகளின் கதை இன்னும் கரடுமுரடானது. 1998இல் அரசாங்க ஆதரவோடு கருத்தடைத் திட்டம் ஒன்று தொடங்கியது. மறு ஆண்டு பூனை நலச் சங்கம் உருவானது. 2003இல் சார்ஸ் வந்தபோது திட்டம் நிறுத்தப்பட்டு, பூனைகளைப் பிடித்துக் கொல்லும் நடவடிக்கை தீவிரமானது. 2011இல்தான் கருத்தடைத் திட்டம் மறுபடியும் வந்தது. நடுவில் இருந்த எட்டு ஆண்டுகளில் அரசாங்க ஆதரவு இல்லாமல் தொண்டூழியர்கள் இந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். மானியம் இல்லை, பாராட்டு விழா இல்லை, ஆனால் மருத்துவர் கட்டணம் இருந்தது.

பிடித்துக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீராதா என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பூனைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. ஒரு புளோக்கில் இருக்கும் பூனைகளை அகற்றினால், உணவும் ஒதுங்க இடமும் அப்படியே இருப்பதால் பக்கத்து புளோக்கிலிருந்து புதியவை வந்துவிடும். பெண் பூனை ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகள் அரையாண்டிலேயே தாயாகத் தயாராகிவிடும். அதனால் அங்கேயே இருக்கும் பூனைக்குக் கருத்தடை செய்து, அதே இடத்தில் திரும்ப விட்டால் இடமும் நிரம்பியிருக்கும், எண்ணிக்கையும் கூடாது. ஆனால் ஒரு வட்டாரத்தில் பெரும்பாலான பூனைகளுக்கும் செய்தால்தான் பலன். நான்கில் ஒன்றுக்குச் செய்தால் மீதி மூன்றும் கணக்கைச் சரிசெய்துவிடும்.

காகிதத்தில் எளிது. நான் முதல்முறை போனது ஒரு பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு, இரவு 11 மணி. மயக்க மருந்து கொடுக்கவேண்டும் என்பதால் பூனைகள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அதற்காக அங்கே வழக்கமாகச் சாப்பாடு வைக்கும் நான்கு பேரிடமும், "இன்றைக்கு மட்டும் வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே பேசியாக வேண்டும். மூன்று பேர் சரி என்றார்கள். நான்காவது அங்கிள், பூனை பட்டினி கிடக்குமே என்று மனம் கேட்காமல் சூரை மீனைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். வயிறு நிறைந்த பூனை எதற்குப் பொறிக்கூண்டுக்குள் வரப்போகிறது? அன்றிரவு அதிகாலை இரண்டு மணி வரை காத்திருந்து ஒன்றே ஒன்றைப் பிடித்தோம். அதன் காது நுனி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை முடிந்ததற்கு அடையாளம் அது. திறந்துவிட்டோம்.

விலங்குநலம் என்றால் குட்டியைக் கொஞ்சுவது என்று நினைத்துப் போன எனக்கு, அது பெரும்பாலும் மனிதர்களிடம் பேசும் வேலை என்று அன்றுதான் புரிந்தது. சாப்பாடு வைப்பவர், அதை வெறுக்கும் குடியிருப்பாளர், நகர மன்றம், துப்புரவு ஊழியர், மருந்தகம் என்று எல்லாரிடமும் பேச வேண்டும். புதிய உரிமமுறை இந்த வேலையைக் குறைக்கவில்லை. உரிமம் வீட்டுப் பூனைக்குத்தான்; கீழ்த்தளத்துப் பூனைக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. ஆனால் இரண்டும் தனித்தனி உலகமல்ல. வீட்டில் கருத்தடை செய்யாமல் வளர்த்து, குட்டி பெருகியதும் கீழே கொண்டுபோய் விடுவது ஊரறிந்த விஷயம். வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டால் முதல்முறைக் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் விட்டவர் யார் என்று கண்டுபிடித்தால்தானே? இங்கேதான் மைக்ரோசிப்பின் அருமை தெரிகிறது. நாளை கீழ்த்தளத்தில் கிடக்கும் பூனையை ஸ்கேன் செய்தால் ஒரு பெயர் வரும். நான் இந்த விதியை ஆதரிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

என் கவலை கெடுவுக்கு அடுத்த நாளைப் பற்றியது. உரிமம் வாங்காதவர்களில் அலட்சியக்காரர்கள் இருப்பார்கள். தகவலே போய்ச் சேராத முதியவர்களும் இருப்பார்கள். பயம் வந்தால் சிலர் செய்யப்போவது பூனையைக் கீழே விடுவதுதான். அப்போது தொலைபேசி அடிப்பது சிங்கப்பூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலும் பூனை நலச் சங்கத்திலும் எங்களைப் போன்ற சின்னக் குழுக்களிலும். வசதி குறைந்த குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் செய்துதர ஓர் ஆதரவுத் திட்டம் 2024இலேயே தொடங்கப்பட்டது. அதை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதிலும் இந்த அமைப்புகளின் கை இருக்கிறது. கெடு முடிந்ததும் கதவைத் தட்டப் போவது அதிகாரியா, உதவிக்கு வரும் தொண்டூழியரா என்பதைப் பொறுத்து மக்கள் கதவைத் திறப்பார்கள் அல்லது பூனையோடு படுக்கையறைக்கு ஓடுவார்கள். எனக்கு அந்த ஓட்டம் நன்றாகத் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவுபெற்ற அறநிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டினால் விவரம் கிடைக்கும். பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்கு நன்கொடை தந்தால் 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு. ஆனால் மீட்பு வேலையில் பெரும்பங்கு செய்யும் சின்னக் குழுக்கள் பல பதிவே செய்யாதவை. அடிபட்ட பூனையின் படமும் பேநவ் எண்ணும்தான் அவற்றின் முகவரி. நானும் அப்படி ஒரு குழுவுக்குப் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் 50 வெள்ளி அனுப்பினேன். அந்தப் பூனை என்ன ஆனது என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. ஏமாற்று என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஒருவரே பத்துப் பேர் வேலையைப் பார்த்திருக்கலாம். என்றாலும் மருத்துவர் ரசீதைப் படமெடுத்துப் போட ஒரு நிமிடம் போதும். எங்கள் குழுவில் இப்போது அந்தப் பொறுப்பு என்னுடையது.

இளையர்களிடம் ஒரு சின்னக் குறை. சமூகத் தொண்டு மணிநேரத்துக்காகக் காப்பகத்துக்கு ஒருநாள் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறோம். மலம் அள்ளுவதற்கும் ரசீது பதிவு செய்வதற்கும் மலாய், தமிழ், மாண்டரின் மொழிகளில் முதியவர்களிடம் பேசுவதற்கும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தவறாமல் வரும் ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் எதிர்வீட்டு மாக்சிக்கிடம் நான்கு பூனைகள். உரிமம் என்றதும், "இரண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி மாதக்கணக்கில் கதவைப் பாதி திறந்தே பேசினார். கெடுவுக்குள் பதிந்தால் நான்கும் அவருடையவைதான் என்று சொல்லிப் புரியவைக்க அம்மா போக வேண்டியிருந்தது, ஒரு டப்பா முறுக்கோடு. பிறகு நான் அவருடைய சிங்பாஸ் வழியாக விவரங்களை நிரப்பினேன். குழுவினர் மூன்று பூனைகளை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நான்காவது, ஓயென் என்ற ஆரஞ்சு நிறக் கடுவன், கூண்டைப் பார்த்ததும் அலமாரிக்கு அடியில் போனது வெளியே வரவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். அன்று காலை அதற்குச் சாப்பாடு வைக்கக்கூடாது என்று மாக்சிக்கிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.